நடுவில் இருப்பவர் யார்? பத்து மதிப்பெண்

முப்பத்தெட்டுப் பேருக்கும் சைபர்.

கி.மு. டீச்சர் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். கீழிருந்து மேலே இன்னொரு முறை பார்த்தார். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சைபர் சைபராகவே இருந்தது. தாமதமாக வந்தவளைத் திட்டுவதென்றால்கூட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலிருந்து தொடங்குவார் என்பதால் மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் அது. இன்று அவருக்குத் தொடங்கவே வாய் வரவில்லை.

சைபர் விழுந்தது வரலாற்றுத் தாளின் ஏழாவது கேள்வியில். 'கீழ்க்காணும் கேலிச்சித்திரத்தின் பொருளை எழுதுக. பத்து மதிப்பெண்.' மற்ற கேள்விகளில் தொண்ணூறுக்குத் தொண்ணூறு வாங்கினாலும், இந்த ஒன்றில் சைபர் வாங்கினால் வரலாற்றில் ஃபெயில். இது வரலாற்றுப் படப் பொருள் உணர்தல் இயக்ககத்தின் விதி.

படம் நூறு வருஷத்துக்கு முந்தையது. ஒரு பருத்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எலும்பும் தோலுமான நான்கு பேர் அந்த நாற்காலியைத் தோளில் சுமந்து நடக்கிறார்கள். பருத்தவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி, 'அப்பப்பா, என்ன வேலை!' என்கிறார். வரைந்தவரும் செத்துவிட்டார், வரையப்பட்டவரும் செத்துவிட்டார், சுமந்த நால்வரும் அவர்களுக்கு முன்பே செத்திருப்பார்கள். இருந்தாலும் இயக்ககம் எச்சரிக்கையாக இருந்தது. அதன் விடைக்குறிப்பு இப்படிப் போயிற்று:

'உழைத்துக் களைத்த தலைவர். அவர் களைப்பைக் கண்டு மனமிரங்கிய மக்கள் தாமாகவே முன்வந்து அவரைத் தூக்கிச் செல்கின்றனர். மக்களின் மெலிந்த உடல் அவர்களின் சுறுசுறுப்பைக் குறிக்கிறது.'

முப்பத்தெட்டுப் பெண்களும் எழுதியது வேறு. தூக்குகிறவர்கள்தான் உழைக்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறவர் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் லாரி டிரைவரின் மகள் அம்மாவோடு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சுருட்டை முடி, அழுது வீங்கிய கண்.

"டீச்சர், கண்ணால பார்த்ததைத்தானே எழுதினேன்?"

அம்மா அவளைப் பின்னால் இழுத்தார். "நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்குங்க. ரெண்டு மாசத்துல பாஸ்னு பேப்பர் காட்டலேன்னா இடம் போயிடுமாம். போச்சுன்னா தையல் கம்பெனியில சேர்த்துவிட்டுடுவேன்னு இவங்கப்பா சொல்லிட்டாரு. நீங்கதான் டீச்சர் ஏதாவது பண்ணணும்."

"பண்றேன்மா" என்றார் டீச்சர்.

என்ன பண்ணப்போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது.

*

மறுநாளே இயக்ககத்திலிருந்து அழைப்பு வந்தது. பாராட்ட அல்ல.

இயக்குநரின் அறையில் இரண்டு இயக்குநர்கள் இருந்தார்கள். ஒருவர் நாற்காலியில், ஒருவர் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள். இரண்டு பேருக்கும் நடு வகிடு, இரட்டைத் தாடை, இடக்கன்னத்தில் மிளகு அளவு மச்சம். அந்தப் புகைப்படம் கட்டடத்தின் எல்லா அறையிலும், மின்தூக்கியிலும், ஆண்கள் கழிவறையின் வாசலிலும் மாட்டப்பட்டிருந்தது.

"முப்பத்தெட்டுப் பேரும் ஒரே பதிலை எழுதியிருக்காங்க" என்றார் இயக்குநர். "கூட்டுக் காப்பி. இல்லையா?"

"எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்தாங்க சார்."

"அதைத்தான்மா தப்புங்கறேன். படத்தைப் பார்க்கச் சொன்னது யாரு? கேள்வியில 'பார்த்து எழுது'ன்னா இருக்கு? 'பொருளை எழுது'ன்னு இருக்கு. பொருள் எங்ககிட்ட இருக்கு. படத்துக்குள்ள போய் தேடினா கிடைக்குமா?"

டீச்சர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எங்களை ஏதோ கொடுங்கோலன்னு நினைச்சுடாதீங்க. பிள்ளைங்க யோசிக்கவே கூடாதுன்னு நாங்க சொல்லல. தாராளமா யோசிக்கட்டும். யோசிச்சு முடிச்சுட்டு விடைக்குறிப்புல இருக்கிறதை எழுதட்டும். ஒரு படத்துக்கு ரெண்டு அர்த்தம் வந்தா அது சுதந்திரம் இல்லம்மா, அச்சுப்பிழை."

"அந்தப் பிள்ளைங்களோட ஒரு வருஷம் போயிடும் சார்."

"ஆறு வாரத்துல மறுதேர்வு இருக்கே, எழுதட்டும். அப்பவும் கண்ணால பார்த்து எழுதினா அப்பவும் சைபர்தான்." இயக்குநர் மணியை அழுத்தினார். "உங்களுக்கும் ஒரு ஆர்டர் இருக்கு. வாங்கிட்டுப் போங்க."

ஆர்டரில் மூன்றே வரிகள். குற்றம்: அனுமதியின்றிப் பொருள் உணர்ந்தது, பிறரை உணரவைத்தது. காரணம்: பார்வைக் கோளாறாக இருக்கலாம். நடவடிக்கை: கண் பரிசோதனைக்குப் பின் ஆறு வாரம் இயக்ககத்தில் பார்வைப் பயிற்சி.

கண் மருத்துவர் நல்ல மனுஷர். கடைசி வரி எழுத்து வரை டீச்சர் கடகடவென்று வாசித்ததும் சங்கடமாக நெளிந்தார்.

"உங்க கண்ணு ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா கோளாறுன்னு எழுதச் சொல்லி முன்கூட்டியே ஃபாரம் அனுப்பியிருக்காங்க. என்ன பண்ணட்டும்?"

"எழுதுங்க டாக்டர்."

"என்ன கோளாறுன்னு எழுத?"

"தேவைக்கு மேல தெரியுதுன்னு எழுதுங்க."

அவர் அப்படியே எழுதி முத்திரை குத்தினார். இயக்ககம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

டீச்சரின் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். எந்தப் பிரச்சினையையும் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் அவருக்கு. "ஏம்மா, 'தெரியாம நடந்துடுச்சு, மன்னிச்சுடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?"

"கி.மு. ஐந்நூறுல இருந்து பாருங்க..."

"ஆரம்பிச்சுட்டியா?"

"கேளுங்க. எதிரி அடிச்சு விழுந்த ராஜ்யத்தைவிட, தான் போட்ட சட்டத்துலயே கால் தடுக்கி விழுந்த ராஜ்யம்தான் அதிகம். நான் அங்க போய் அவங்க சட்டத்தை ஒழுங்கா, ஒரு புள்ளி விடாம பின்பற்றப்போறேன். அவ்வளவுதான்."

கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷத்தில் இரண்டு முறைதான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் எதிராளி வீடு மாற்றிக்கொண்டு போயிருந்தார். "யாருக்கோ நேரம் சரியில்ல" என்று முணுமுணுத்துவிட்டுப் படுக்கப் போனார்.

*

பார்வைப் பயிற்சி என்றால் என்னவென்று இயக்ககத்தில் யாருக்கும் தெரியவில்லை. தாழ்வாரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்தார்கள். இரண்டாவது நாள் நிர்வாக அலுவலர் ஓடிவந்தார்.

"டீச்சர், உங்களுக்கு நிஜமாவே பார்வைக் கோளாறுதானே? சான்றிதழ் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்பாடா! ஒரு மாசமா உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் மறுதேர்வுக் கேள்வித்தாள் ஒன்று வெளியே கசிந்து, ஜெராக்ஸ் கடையில் கட்டுக்கட்டாக விற்றது. அதற்குப் பிறகு இயக்குநரே உட்கார்ந்து மறுதேர்வுக்கென்று ஒரு பாதுகாப்பு முறையை உருவாக்கினார். முதலில் விடைக்குறிப்பு எழுதப்படும். அதற்கேற்றபடி பிறகு படம் வரையப்படும். அந்தப் படம் ஆறு துண்டாக வெட்டப்பட்டு ஆறு உறையில் போகும். ஓர் அலுவலர் ஒரு துண்டைத்தான் பார்க்கலாம். வரைகிறவரைத் தவிர முழுப் படத்தை யாரும், இயக்குநர் உட்பட, தேர்வு நாள் வரை பார்க்கக் கூடாது. அச்சகத்தில்கூட தாளைக் கவிழ்த்துத்தான் அடுக்க வேண்டும்.

உறைகளைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போக ஓர் ஆள் வேண்டும். விதிப்படி அவர் 'படங்களைப் பொருள் உணரும் தகுதி அற்றவர்' என்று எழுத்துப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பழைய ஆள் ஓய்வு பெற்றுவிட்டார். வாட்ச்மேனைச் சோதித்தார்கள், அவருக்குப் படம் புரிந்தது. தோட்டக்காரரைச் சோதித்தார்கள், அவர் புரிந்துகொண்டு சிரிக்கவேறு சிரித்தார். கட்டடம் முழுக்கச் சலித்ததில், தகுதியின்மைக்குச் சான்றிதழ் வைத்திருந்த ஒரே ஆள் கி.மு. டீச்சர்தான்.

"வேலை கொஞ்சம் மட்டமா இருக்கும். பரவாயில்லையா டீச்சர்?"

"பயிற்சிதானே சார்" என்றார் டீச்சர் பணிவாக.

*

விடைக்குறிப்பை இயக்குநரே சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார்கள். உறையோடு டீச்சர் கதவோரம் நின்றார்.

"இந்தத் தடவை நடுவுல ஒரு நல்ல தலைவர் இருக்கட்டும். பேரெல்லாம் வேண்டாம்" என்றார் இயக்குநர், கண்ணை மூடிக்கொண்டு. "யாருன்னு பார்க்கிறவங்களுக்குத் தானாத் தெரியணும். எழுதிக்கோங்க. 'நடுவில் இருப்பவர் யார்? கல்விக்காகவே வாழும் மாமனிதர். வலக்கையால் பிள்ளைகளின் கண்ணீரைத் துடைக்கிறார். இடக்கையால் எதிர்காலத்தைச் சுட்டிக்காட்டுகிறார். எல்லாப் பள்ளிகளையும் தம் வயிற்றில் பிறந்த பிள்ளைகளாகச் சுமக்கிறார். தடைகளைக் காலால் மிதித்து முன்னேறுகிறார். அவர் முகத்தில் நிறைவு தெரிகிறது.'" கண்ணைத் திறந்தார். "ரொம்பப் புகழ்ந்துட்டேனா?"

"குறைச்சுத்தான் சார் சொல்லியிருக்கீங்க" என்றார் நிர்வாக அலுவலர்.

படம் போடுகிறவர் கீழ்த்தளத்தில், பழைய நாற்காலிகளுக்கு நடுவே இருந்தார். எல்லோரும் அவரை 'கிட்னி சார்' என்று கூப்பிட்டார்கள். கேலிச்சித்திரம் வரைகிற ஆசையில் வேலைக்குச் சேர்ந்தவர். முதல் வாரமே ஓர் அலுவலரின் மூக்கைக் கொஞ்சம் நீளமாகப் போட்டுவிட்டதால், அறிவியல் புத்தகத்துக்கு மாற்றப்பட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா கிட்னி வரையறேன் டீச்சர்" என்றார், பென்சிலைச் சீவியபடி. "போன வருஷம் ஒரு மெமோ. ரெண்டு கிட்னியும் சமமா இல்லியாம், பாரபட்சம் தெரியுதாம்." விடைக்குறிப்பைப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுமுறை படித்தார். "இதை அப்படியே வரையணுமா?"

"சொன்னது சொன்னபடி. அதான் விதி."

"சொன்னது சொன்னபடியேவா?"

"ஒரு புள்ளி விடாம."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிட்னி சார் புதுத் தாளை விரித்தார். பென்சில் சத்தம் மட்டும் கேட்டது.

*

முதல் உறையில் வலக்கை. ஒரு கை குழந்தையின் கன்னத்தில் கைக்குட்டையை ஒற்றுகிற படம். அதற்குப் பொறுப்பான அலுவலர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"கண்ணீர் தெரியுதே! நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அழுறாங்கன்னு ஆயிடாது?"

"துடைக்கத்தானே சார் செய்யறாரு?"

"துடைக்கணும். ஆனா அழக் கூடாது. கண்ணீரே தெரியாதபடி துணி முழுசா கண்ணை மூடட்டும். பின்னால ஒரு முடிச்சும் போடுங்க. இல்லேன்னா நழுவிடும்."

டீச்சர் உறையை மடித்தார். "பின்பக்கம் ஒரு கையெழுத்து சார். யோசனை உங்களோடதுன்னு தெரியணுமில்ல?"

அலுவலர் பெருமையோடு கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது உறையில் இடக்கை. விரல் மேலே நீண்டிருந்தது.

"மேலயா? மேலே மந்திரி இருக்காரு, அவரைக் கை காட்டுற மாதிரி ஆயிடும்" என்றார் அடுத்த அலுவலர். டீச்சர் கீழ்த்தளத்துக்குப் போய் விரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "கீழயா? கல்வி பாதாளத்துக்குப் போகுதுங்கறீங்களா?" வலப்பக்கம் திருப்பினார்கள், அது ஒரு கட்சியின் பக்கம். இடப்பக்கம் அதைவிட மோசம். எதிரே நீட்டினால் படிக்கிற பிள்ளையை மிரட்டுகிற மாதிரி.

ஐந்தாவது முறை மாடிப்படி ஏறி வந்தபோது டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "சார், எல்லாப் பக்கமும் ஆபத்தா இருக்கு. விரலை எங்கதான் காட்டட்டும்? அவர் பக்கமே திருப்பிடலாமா?"

அலுவலர் மேசையைத் தட்டினார். "பாருங்க, பார்வைக் கோளாறு உள்ளவங்களுக்கே இவ்வளவு புத்தி! தன்னையே காட்டிக்கிட்டா யாரும் ஆட்சேபிக்க முடியாது. தன் மூக்கைக் காட்டட்டும்." கையெழுத்து.

மூன்றாவது உறையில் கால். 'தடைகளைக் காலால் மிதித்து' என்பதற்குக் கிட்னி சார் நாலைந்து பாறைகளைப் போட்டிருந்தார். கால் அலுவலர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாறைன்னா சுரங்கத் துறை கேள்வி கேட்கும். முள்ளுன்னா வனத்துறை. குப்பைன்னா நகராட்சி. அடுத்த துறையோட சொத்தை மிதிச்சா எனக்குத்தான் மெமோ வரும்."

"நம்ம துறையோட சொத்தா இருந்தா சார்?" என்றார் டீச்சர், தரையைப் பார்த்தபடி.

"நம்மளோடது என்ன இருக்கு?"

"புத்தகம் இருக்கு சார். பாடப் புத்தகம்."

அலுவலர் யோசித்தார். நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகக் கலைந்தது. "நம்ம புத்தகத்தை நாம மிதிச்சா யாரு கேட்கப்போறா? நிறையப் போடச் சொல்லுங்க. எத்தனை மிதிக்கறமோ அவ்வளவு முன்னேற்றம்." கையெழுத்து.

நான்காவது வயிறு. இங்கே கிட்னி சாரின் இருபத்திரண்டு வருஷ அனுபவம் பேசியது. பள்ளிகளை வயிற்றில் சுமக்கிறார் என்றால் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? அறிவியல் புத்தகத்தில் வருவதுபோலவே குறுக்குவெட்டுத் தோற்றம் போட்டிருந்தார். உள்ளே பள்ளிக்கூடங்கள், மணிக்கூண்டோடு, பெஞ்சோடு, கொடிக்கம்பத்தோடு, பாதி கரைந்தும் கரையாமலும் கிடந்தன. அம்புக்குறி போட்டு 'கழிவறைக் கட்டட நிதி', 'ஆய்வகக் கருவிகள்' என்று பெயரும் எழுதியிருந்தார்.

வயிற்று அலுவலர் அம்புக்குறிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "பெயர் குறிச்சதெல்லாம் சுத்தமா இருக்கு. கோடு நேரா இருக்கு. எல்லாப் பள்ளியும் உள்ள போயிடுச்சில்ல? ஒண்ணு விட்டுப்போனாலும் புகார் வரும்."

"எல்லாம் உள்ள போயிடுச்சு சார்."

"வயிறு மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும். புதுசா அனுமதி குடுத்த பள்ளியும் கொள்ளணும்." கையெழுத்து.

ஐந்தாவது துண்டு வானம். அதில் ஒன்றுமே இல்லாததால் ஒரு நிமிஷத்தில் அனுமதி கிடைத்தது. 'மிகச் சிறப்பு' என்று ஓரத்தில் எழுதியும் தந்தார்கள்.

மிஞ்சியது முகம்.

முக அலுவலர் இயக்ககத்திலேயே மூத்தவர். விதி எண் ஒன்று, படத்தில் உள்ள முகம் எந்த உண்மை மனிதரையும் ஒத்திருக்கக் கூடாது. மீசை போட்ட முகத்தைக் காட்டினால் "ஐயோ, நிதிச் செயலர்!" என்றார். வழுக்கையைக் காட்டினால் "நீதிபதி ஒருத்தர் இப்படித்தான் இருப்பாரு" என்றார். கண்ணாடி, தாடி, சுருட்டை முடி எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் பொறுமை இழந்து பென்சிலைப் பிடுங்கினார்.

"குடுங்க இப்படி. யாரு மாதிரியும் இல்லாத, சாதாரணமான, சாந்தமான முகம். இது ஒரு பெரிய விஷயமா?"

பென்சிலைத் தாளில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே சுவர். சுவரில் புகைப்படம். பதினொரு வருஷமாக நிமிர்ந்தபோதெல்லாம் அவர் பார்த்த ஒரே முகம். கை தானாக நகர்ந்தது. நடு வகிடு விழுந்தது. தாடை ஒன்று, அதன் கீழ் இன்னொன்று. கடைசியில் இடக்கன்னத்தில் ஒரு புள்ளி வைத்து, "மச்சம் இருந்தா களையா இருக்கும்" என்றார்.

டீச்சர் தாளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். இப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் எதிரே இருக்கும் அலுவலர் தப்பித்துக்கொள்வார். லாரி டிரைவரின் மகள் மறுபடி சைபர் வாங்கித் தையல் கம்பெனிக்குப் போவாள்.

"இது யாரு மாதிரியும் இல்லியே?" என்று கேட்டார் அலுவலர்.

"எனக்கு எதுவும் தெரியாது சார். சான்றிதழ் இருக்கு."

"ஆமாமில்ல" என்று சிரித்து, அவரும் கையெழுத்துப் போட்டார்.

*

மறுதேர்வு அன்று நாற்பத்தோராயிரம் பிள்ளைகள் எழுதினார்கள். பத்து மணிக்கு மணி அடித்தது. பத்தே முக்காலுக்கு முதல் தொலைபேசி வந்தது.

"சார், எங்க மையத்துல ஒரு பிரச்சினை. பிள்ளைங்க சிரிக்கிறாங்க."

"அதட்டுங்க!" என்றார் நிர்வாக அலுவலர்.

"அதட்டினோம் சார். அப்புறம் நாங்களும் கேள்வித்தாளைப் பார்த்துட்டோம்..." மறுமுனையில் ஏதோ விழுந்து உருளுகிற சத்தம் கேட்டு, இணைப்பு அறுந்தது.

பதினொரு மணிக்குள் அறுபது தொலைபேசி வந்தது. தேர்வு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிட் அடித்தால் என்ன, மயங்கி விழுந்தால் என்ன, பாம்பு வந்தால் என்ன என்றெல்லாம் இருந்தது. சிரிப்பு வந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

மதியம் ஒரு கேள்வித்தாள் இயக்குநர் மேசைக்கு வந்தது. முதல்முறையாக ஆறு துண்டுகளும் ஒன்றாக இருந்தன.

நடு வகிடு, இரட்டைத் தாடை, கன்னத்தில் மச்சம் கொண்ட ஒருவர். வலக்கையால் ஒரு குழந்தையின் கண்ணைக் கட்டுகிறார். இடக்கை விரலால் தன் மூக்கையே காட்டிக்கொள்கிறார். திறந்த வயிற்றில் பள்ளிக்கூடங்கள் செரித்துக்கொண்டிருக்கின்றன. காலின் கீழே புத்தகக் குவியல். மேலே மிகச் சிறப்பான, காலியான வானம். முகத்தில் நிறைவு.

இயக்குநர் தாளைப் பார்த்தார், சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். பிறகு ஆறு அலுவலர்களையும் வரிசையாக நிறுத்தினார். உறைகளைக் கொண்டுபோனவர் என்பதால் டீச்சரும் ஓரத்தில் நின்றார்.

"இது யாரு?"

வரிசையில் முதலில் நின்றவர் முந்திக்கொண்டார்.

"நான் வலக்கை மட்டும்தான் சார் பார்த்தேன்."

"நான் வயிறு. வயித்துக்கு மேல பார்க்க எனக்கு அதிகாரம் இல்ல சார்."

"கால் யாரு பார்த்தது?" என்று இயக்குநர் உறுமினார். "அது யாரோட காலுன்னு தெரியலையா உனக்கு?"

கால் அலுவலர் குனிந்தபடியே சொன்னார். "தெரிஞ்சுது சார். இத்தனை வருஷமா குனிஞ்சு பார்த்துப் பழகின காலு. அதான் சந்தேகமே படாம கையெழுத்துப் போட்டேன்."

"முகம்?"

மூத்தவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "விதி எண் ஒன்னை மீறவே இல்ல சார். எந்த மனுஷரையும் ஒத்திருக்கக் கூடாதுன்னு இருக்கு. உங்களை நான் என்னைக்குமே மனுஷரா நினைச்சதில்ல சார்!"

இயக்குநர் மேசையைக் குத்தினார். "கேள்வியை ரத்து பண்ணுங்க! ஏழாவது கேள்விக்கு எல்லாருக்கும் சைபர்!"

நிர்வாக அலுவலர் அசையவில்லை. எந்தப் படிவம் என்று அவருக்குத் தெரியவில்லை. கி.மு. டீச்சர் முன்னே வந்து இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். ஆறு வாரத்தில் விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

"ரத்து பண்ண இந்தப் படிவம் சார். ஒரே ஒரு இடம்தான் நிரப்பணும். 'ரத்துக்கான காரணம்.'"

இயக்குநர் பேனாவை எடுத்தார். 'படம் ஒரு குறிப்பிட்ட மனிதரை ஒத்திருப்பதால்' என்று எழுதினார்.

"அடுத்த வரி சார். 'அம்மனிதர் யார்? பெயர், பதவி.' அதுக்குக் கீழ, 'எந்தெந்த வகையில் ஒத்திருக்கிறார்? ஒவ்வொன்றாக விளக்குக.' மூணு பிரதி வேணும். ஒண்ணு மந்திரிக்கு, ஒண்ணு பத்திரிகைக்கு."

பேனா நின்றது.

"எழுதலேன்னா?"

"அப்ப படத்துல தப்பில்லைன்னு அர்த்தம் சார். தப்பில்லாத படத்துக்கு நாற்பத்தோராயிரம் பேர்ல ஒருத்தர்கூட விடைக்குறிப்பு மாதிரி எழுதலேன்னா, விதிப்படி முயற்சி செஞ்ச எல்லாருக்கும் முழு மதிப்பெண். அதுக்கு இந்தப் படிவம். கையெழுத்து போதும்."

"ஒருத்தர்கூடவா எழுதல? அப்படி என்னதான் எழுதியிருக்காங்க?"

டீச்சர் அப்போதுதான் மையத்திலிருந்து வந்திருந்த விடைத்தாள் கட்டின் மேலே இருந்த ஒன்றைப் பிரித்தார். "மையம் மையமாக் கேட்டாச்சு சார், ஒருத்தர்கூட இல்ல. இந்தப் பிள்ளை ஒரே வரியில முடிச்சிருக்கு. 'இவருக்கு அஜீரணம்.'"

யாரோ ஒருவர் இருமினார். இருமல்தானா என்று இயக்குநர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் இரண்டாவது தாளை இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அவர் எழுதிய விதிதானே, படிக்க என்ன இருக்கிறது?

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் பாஸ். சுருட்டை முடிக்காரி நர்ஸ் படிப்பில் சேர்ந்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், இந்தத் தடவையும் கண்ணால பார்த்ததைத்தான் எழுதினேன்!"

"தெரியும்டி. அஜீரணம் நீயா?"

"நான் ரெண்டு பக்கம் எழுதினேன் டீச்சர்."

கணக்கு அதோடு முடிந்தது என்று இயக்குநர் நினைத்தார். டீச்சர் அப்படி நினைக்கவில்லை. படிவத்தின் பின்பக்கத்தை நிர்வாக அலுவலருக்கு ஞாபகப்படுத்தி, அவர் கைப்பட ஒரு சுற்றறிக்கை அனுப்பவைத்தார். 'எந்த வினாவுக்கு அனைவரும் முழு மதிப்பெண் பெறுகிறார்களோ, அது தலைசிறந்த வினாவாகக் கருதப்படும். அதன் விடைக்குறிப்பை எழுதியவர், பதினொரு மண்டலங்களிலும் ஆசிரியர்களுக்கு நேரில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும்.' தன் புகழ் பரவ வேண்டுமென்று இயக்குநர் தானே என்றோ சேர்த்த விதி. அதை ரத்து செய்யவும் ஒரு படிவம் இருந்தது. அதிலும் காரணம் கேட்டிருந்தார்கள்.

*

முதல் மண்டலத்தில் இருநூறு ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். மேடையில் ஆறடி உயரத்துக்குத் துணியில் அச்சடித்த படம். அளவு சரியாக வர வேண்டுமென்று கிட்னி சார் தன் கையாலேயே பெரிதாக்கிக் கொடுத்திருந்தார். கையில் குச்சியோடு இயக்குநர் நின்றார். சுற்றறிக்கைப்படி, விடைக்குறிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்து, படத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

"நடுவில் இருப்பவர் யார்?" என்று தொடங்கினார். "கல்விக்காகவே வாழும் மாமனிதர். எல்லாப் பள்ளிகளையும் தம் வயிற்றில்..." குச்சி வயிற்றைத் தொட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கோபப்படவாவது வழி கிடைத்திருக்கும். இருநூறு பேரும் தலையைக் குனிந்து சிரத்தையாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் கி.மு. டீச்சர். "கடைசி வரிசைக்குப் படம் சரியாத் தெரியலையாம். நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் நகருங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், படத்தை ஒட்டி நில்லுங்க. முகத்தை மட்டும் எங்க பக்கம் திருப்புங்க."

இயக்குநர் நகர்ந்தார். திரும்பினார். வெளிச்சம் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி விழுந்தது.

டீச்சர் எழுந்து, வகுப்பைப் பார்க்கிற மாதிரி மண்டபத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"இப்ப எல்லாருக்கும் தெரியுதா?"

இருநூறு ஆசிரியர்களும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் இழுத்துச் சொன்னார்கள்.

"தெ... ரி... யு... து... டீச்சர்!"